ஆங்கிலச் சொல்விளையாட்டுகளில் தமிழ்மூலச் சொற்கள்

ஆங்கிலச் சொல்விளையாட்டுகளில் தமிழ்மூலச் சொற்கள் என்பது, தமிழிலிருந்து நேரடியாகவோ வேறு மொழிகளின் வழியாகவோ ஆங்கிலத்துக்குச் சென்று, ஆங்கில அகராதிகளில் இடம்பெற்று, அதன் காரணமாக ஸ்கிராபிள், குறுக்கெழுத்துப் புதிர், எழுத்துக்கூட்டல் போட்டி முதலிய விளையாட்டுகளில் பயன்படும் சொற்களைக் குறிக்கும். அணைக்கட்டு, வெட்டிவேர், இலுப்பை, சாயவேர், கஞ்சி, சுருட்டு போன்றவற்றின் ஆங்கில வடிவங்கள் இவற்றுள் அடங்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட விளையாட்டாளர்கள் இவற்றை அரிய சொற்களாகக் கருதி மனனம் செய்கின்றனர். தமிழ் மாணவர்களுக்கோ இவை குறிக்கும் பொருள்கள் வீட்டிலும் வயலிலும் காணக்கூடியவை. பொருள் தெரிந்திருந்தும், ஆங்கிலம் அச்சொல்லை எந்த எழுத்துகளில் ஏற்றுக்கொண்டது என்பது தெரியாததே அவர்களுக்குள்ள தடையாகும்.

பின்னணி

ஸ்கிராபிள் விளையாட்டை அமெரிக்கக் கட்டிடக் கலைஞரான ஆல்பிரட் மோஷர் பட்ஸ் 1930களில் உருவாக்கினார். 1948 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் புருனோ அதற்கு இப்பெயரைச் சூட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தார். நெடுக்காக 15, குறுக்காக 15 என 225 கட்டங்கள் கொண்ட பலகையில் இது ஆடப்படுகின்றது. ஆங்கிலப் பதிப்பில் 100 வில்லைகள் உள்ளன. அவற்றுள் இரண்டு வெற்று வில்லைகள். அவற்றை எந்த எழுத்தாகவும் கொள்ளலாம், ஆனால் அவற்றுக்குப் புள்ளி இல்லை. மிகுதியாகப் பயன்படும் எழுத்துகளுக்கு 1 புள்ளியும், அரிதாகப் பயன்படும் கியூ, இசட் ஆகியவற்றுக்கு 10 புள்ளிகளும் வழங்கப்படுகின்றன. ஒருவர் தம்மிடமுள்ள ஏழு வில்லைகளையும் ஒரே முறையில் வைத்துவிட்டால் 50 புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும்.

ஒரு சொல் செல்லுமா என்பதை முடிவு செய்வது அதற்கென ஏற்றுக்கொள்ளப்பட்ட சொற்பட்டியலே ஆகும். அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் தனிப் பட்டியல்கள் பின்பற்றப்படுகின்றன. இந்தியா, இலங்கை, மலேசியா, பிரித்தானியா உள்ளிட்ட பெரும்பாலான நாடுகளின் போட்டிகளில் காலின்ஸ் பட்டியல் பயன்படுகின்றது. அதில் ஏறத்தாழ 2,80,000 சொல்வடிவங்கள் உள்ளன. பிரித்தானிய அகராதிகள் குடியேற்ற ஆட்சிக் காலத்துச் சொற்களை விடாமல் தொகுத்தமையால், காலின்ஸ் பட்டியலில் இந்திய மொழிச் சொற்கள் கணிசமாகக் காணப்படுகின்றன.

இவ்விளையாட்டில் சொல்லின் பொருளை அறிந்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு மொழி பேசத் தெரியாத நிலையிலேயே சொற்பட்டியலை மனனம் செய்து, 2015 ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழி உலகப் போட்டியில் வென்றார். 2024 ஆம் ஆண்டில் எசுப்பானிய மொழிப் போட்டியிலும் அவ்வாறே வென்றார். 2007 ஆம் ஆண்டில் மும்பையில் நடைபெற்ற ஆங்கில உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் அவர் மலேசியாவின் கணேஷ் அசீர்வாதத்தை வென்று பட்டம் பெற்றார். பொருள் அறியாமல் எழுத்துகளை மட்டும் அறிந்து வெல்ல முடியும் என்பதற்கு ரிச்சர்ட்ஸ் சான்றாவார். தமிழ்மூலச் சொற்களைப் பொறுத்தவரை தமிழ் மாணவர் இதற்கு நேர்மாறான இடத்தில் நிற்கின்றார்.

சொற்கள் சென்ற வழிகள்

தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தை அடைந்த வழிகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, போர்த்துக்கேய மொழி வழி. 16 ஆம் நூற்றாண்டில் மலபார்க் கரையில் வணிகம் செய்த போர்த்துக்கேயர் அங்கு வழங்கிய சொற்களைத் தம் மொழியில் ஏற்றனர். மா, தேக்கு, வெற்றிலை, பாக்கு, கொப்பரை ஆகியவற்றின் பெயர்கள் இவ்வாறு சென்றவை. இவற்றைத் தமிழ் என்றோ மலையாளம் என்றோ அறுதியிட்டுக் கூறுவது பல இடங்களில் இயலாது. மலையாள வடிவமே நேரடி மூலம் என அகராதிகள் பெரும்பாலும் குறிப்பிடுகின்றன.

இரண்டாவது, சோழமண்டலக் கரை வழி. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனி 1639 ஆம் ஆண்டில் சென்னையில் இடம் பெற்றுப் புனித ஜார்ஜ் கோட்டையை அமைத்தது. 1690 ஆம் ஆண்டில் கடலூருக்கு அருகிலுள்ள புனித டேவிட் கோட்டையை வாங்கியது. கம்பனியின் வணிகர்களும் படைவீரர்களும் பொறியாளர்களும் தமிழ் பேசுவோரிடமிருந்து நேரடியாகக் கேட்டு எழுதிய சொற்கள் பல. சுருட்டு, அணைக்கட்டு, மிளகுத் தண்ணீர் ஆகியவை இவ்வகையின.

மூன்றாவது, பிரெஞ்சு மொழி வழி. வெட்டிவேர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தமிழ்ச் சொல் பிரெஞ்சு வடிவம் பெற்று, அதன் பின்னரே ஆங்கிலத்தில் நுழைந்தது.

இவ்வாறு சென்ற சொற்களைத் தொகுத்த நூல்களுள் என்றி யூல், ஏ. சி. பர்னெல் ஆகியோர் இயற்றி 1886 ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஆப்சன் ஜாப்சன்' புகழ் பெற்றது. பர்னெல் சென்னை மாகாணக் குடிமைப் பணியில் இருந்தவர். பரோ, எமனோ ஆகியோரின் திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதி (1961) இத்துறையில் மற்றொரு முதன்மையான நூலாகும்.

விழுப்புரம் வட்டாரமும் இச்சொற்களும்

இச்சொற்களுட் பல குறிக்கும் பொருள்களை ஒரே வட்டாரத்தில் காண முடியும். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் உள்ள கோலியனூரையும், வடக்கே திண்டிவனத்தையும் சூழ்ந்த பகுதி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒருபுறம் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியும், மறுபுறம் ஆங்கிலேயரின் கடலூரும் அண்மையில் அமைந்திருந்த பகுதி இது.

விழுப்புரத்துக்கு அருகே தென்பெண்ணையாற்றின் குறுக்கே கட்டப்பட்ட எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு உழவர்கள் நன்கு அறிந்தது. 'ஆனிகட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அதைக் காட்டிலும் தெளிவான விளக்கம் தேவையில்லை. திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் கடற்கரையில் மீனவர்கள் பயன்படுத்திய கட்டுமரமே 'கட்டமரான்' என்ற சொல்லின் மூலப்பொருள். கால்நடைகளுக்கு ஊறவைத்து அளிக்கப்படும் புண்ணாக்கும், கோடையில் தண்ணீர்ப் பானையில் இடப்படும் வெட்டிவேரும் ஆங்கிலச் சொற்பட்டியலில் உள்ளன.

சொற்களின் பயணம் இருவழிப்பட்டது என்பதற்கும் இப்பகுதியில் சான்று உண்டு. நிலக்கடலைக்கு இங்கு வழங்கும் 'மல்லாட்டை' என்னும் பெயர் 'மணிலாக்கொட்டை' என்பதன் மரூஉ. பிலிப்பைன்சின் மணிலா நகரப் பெயர் விழுப்புரத்து வயலுக்கு வந்து சேர்ந்ததைப் போலவே, வயலிலிருந்த சொற்கள் வெளியே சென்றன.

முக்கியமான சொற்கள்

கீழே தரப்படும் புள்ளிகள் பலகையின் சிறப்புக் கட்டங்களைக் கணக்கில் கொள்ளாமல், எழுத்துகளின் மதிப்பை மட்டும் கூட்டிப் பெற்றவை.

ஆனிகட் (அணைக்கட்டு): 6 எழுத்துகள், 8 புள்ளிகள். ஆற்று நீரைத் தடுத்துக் கால்வாய்களுக்குத் திருப்பும் அணையைக் குறிக்கும். கல்லணையை ஆங்கிலேயப் பொறியாளர்கள் 'கிராண்ட் ஆனிகட்' என அழைத்தனர். ஆர்தர் காட்டன் 1830களில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டியபோதும் இச்சொல்லே பயன்பட்டது. பின்னர் இது தமிழகத்துக்கு வெளியே கோதாவரி முதலிய ஆறுகளின் அணைகளுக்கும் பரவிப் பாசனத்துறைச் சொல்லாக நிலைத்தது.

கட்டமரான் (கட்டுமரம்): 9 எழுத்துகள், 13 புள்ளிகள். வில்லியம் டாம்பியர் 1697 ஆம் ஆண்டில் வெளியிட்ட பயணநூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பற்றி எழுதினார். தமிழில் இது மரங்களைப் பிணைத்துச் செய்த மிதவை. இன்றைய ஆங்கிலத்தில் இணையாக இரண்டு உடற்பகுதிகள் கொண்ட படகு. அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நத்தானியல் எரசாப் 1876 ஆம் ஆண்டில் இவ்வகைப் பந்தயப் படகொன்றை வடிவமைத்தார். 1804 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கப்பல்களுக்கு எதிராக ஆங்கிலேயக் கடற்படை பயன்படுத்திய மிதக்கும் வெடிகலத்துக்கும் இப்பெயரே வழங்கியது. சண்டைக்கார பெண் என்ற பழைய பேச்சுவழக்குப் பொருளையும் அகராதிகள் தருகின்றன.

செரூட் (சுருட்டு): 7 எழுத்துகள், 12 புள்ளிகள். இரு முனைகளும் வெட்டப்பட்ட சுருட்டு. 17 ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இடம்பெற்றது. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு ஐரோப்பாவிலும் பெயர் பெற்றிருந்தது. 1887 ஆம் ஆண்டில் வெளிவந்த ஷெர்லக் ஓம்சின் முதற்கதையில் துப்பறிவாளர் திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பலை அடையாளம் காண்கின்றார். ஏழு எழுத்துகள் கொண்டமையால் 50 புள்ளிகள் கூடுதலாகப் பெற வாய்ப்புள்ள சொல்.

வெட்டிவர் (வெட்டிவேர்): 7 எழுத்துகள், 13 புள்ளிகள். நறுமணமுள்ள புல்லின் வேர். ஆங்கில வில்லைகளில் 'வி' எழுத்து இரண்டு மட்டுமே உண்டு. அவ்வெழுத்தைக் கொண்ட ஈரெழுத்துச் சொல் எதுவும் ஆங்கிலப் பட்டியலில் இல்லாமையால் அதைக் கையிலிருந்து வெளியேற்றுவது கடினம். இச்சொல் இரண்டு 'வி'களையும் ஒருசேரப் பயன்படுத்துகின்றது. இறுதியில் மற்றோர் எழுத்தைச் சேர்த்து எழுதும் வடிவமும் உண்டு.

கான்ஜி (கஞ்சி): 'ஜே' எழுத்துடன் எழுதினால் 6 எழுத்துகள், 15 புள்ளிகள், 'ஜி' எழுத்துடன் எழுதினால் 9 புள்ளிகள். இரு வடிவங்களும் செல்லும். இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படைப்பிரிவுகளில் தண்டனை பெற்ற வீரர்களுக்குக் கஞ்சியே உணவாக அளிக்கப்பட்டதால், அவர்களை அடைத்துவைத்த அறை 'கஞ்சி வீடு' எனப் பொருள்படும் தொடரால் அழைக்கப்பட்டது. இதே எழுத்துகளைக் கொண்டு விடைபெறுதல், தலைவணங்குதல் என்ற பொருள் தரும் சொல் பிரெஞ்சு மூலத்தைக் கொண்டது. கஞ்சியுடன் அதற்குத் தொடர்பில்லை.

சே (சாயவேர்): 4 எழுத்துகள், 12 புள்ளிகள். தமிழில் இம்பூறல் எனவும் அழைக்கப்படும் செடியின் வேர். அதிலிருந்து எடுக்கப்பட்ட செஞ்சாயம் சோழமண்டலக் கரைத் துணிகளுக்குப் பெயர் பெற்றுத் தந்தது. செயற்கைச் சாயங்கள் வந்தபின் இதன் பயன் சுருங்கியது. இச்சொல் இன்று ஆங்கில விளையாட்டாளர்களுக்கு நான்கெழுத்துச் சொல்லாக மட்டுமே அறிமுகம். இதற்கு மேலும் இரு எழுத்து வடிவங்கள் பட்டியலில் உள்ளன.

இல்லிபி (இலுப்பை): 6 எழுத்துகள், 8 புள்ளிகள். இலுப்பை மரத்தையும் அதன் விதையையும் குறிக்கும். கோயில் விளக்குகளுக்கு ஏற்றப்பட்ட இலுப்பையெண்ணெய் இவ்விதையிலிருந்து கிடைப்பது. தமிழ் ஒலிக்கு நெருக்கமான 'இல்லுபி' என்ற வடிவமும் செல்லும். அதற்கும் 8 புள்ளிகளே.

பூனாக் (புண்ணாக்கு): 6 எழுத்துகள், 10 புள்ளிகள். ஆங்கிலத்தில் குறிப்பாகத் தேங்காய்ப் புண்ணாக்கைக் குறிக்கும். சிங்களத்திலும் தமிழிலும் உள்ள சொல். இலங்கை வழியாகச் சென்றது.

மலிகடானி (மிளகுத் தண்ணீர்): 12 எழுத்துகள், 21 புள்ளிகள். ஏழு வில்லைகளுக்கு மேற்பட்டமையால் பலகையில் ஏற்கனவே உள்ள எழுத்துகளுடன் சேர்த்தே இதை அமைக்க முடியும். ஆங்கிலேயர் உணவில் கறியும் பிறவும் சேர்த்துத் தடித்த சாறாக இது மாறிவிட்டது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஆங்கிலேயர்களுக்கு இச்சொல்லின் முதலசையைக் கொண்டு 'மல்' என்ற பட்டப்பெயரும் வழங்கியது.

கரி (கறி): 5 எழுத்துகள், 10 புள்ளிகள். பழந்தமிழில் கறி என்பது மிளகையும் குறித்தது. பின்னர் காய்கறியையும் இறைச்சியையும் குறிக்கலாயிற்று. ஆங்கிலத்தில் குழம்பு வகைகள் அனைத்துக்கும் பொதுப்பெயரானது. ஆனா கிளாஸ் என்பவர் 1747 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கிலச் சமையல் நூலில் இதற்கான செய்முறை உள்ளது. குதிரையைத் தேய்த்துத் துடைத்தல் என்னும் பொருளுடைய ஆங்கில வினைச்சொல் இதே எழுத்துகளைக் கொண்டிருந்தாலும் பிரெஞ்சிலிருந்து வந்த வேறு சொல்லாகும்.

கொரண்டம் (குருந்தம்): 8 எழுத்துகள், 13 புள்ளிகள். அலுமினிய ஆக்சைடு கனிமம். மோவின் கடினத்தன்மை அளவுகோலில் 9 ஆம் இடத்தில் உள்ளது. மாணிக்கமும் நீலமும் இதன் வகைகளே.

பாப்படம் (அப்பளம், பப்படம்): பல எழுத்து வடிவங்கள் உண்டு. எட்டெழுத்து வடிவம் ஒன்றில் முதலெழுத்து மூன்று முறை வருகின்றது. அவ்வெழுத்துக்கு இரண்டு வில்லைகளே இருப்பதால், வெற்று வில்லை ஒன்று கையில் இல்லாமல் அதனை அமைக்க இயலாது. ஏழெழுத்து வடிவங்களுக்கு இந்தத் தடை இல்லை.

டோப் (தோப்பு): 4 எழுத்துகள், 6 புள்ளிகள். மாந்தோப்பு போன்ற மரக்கூட்டத்தைக் குறிக்கும். மிகுதியாக மது அருந்துதல், ஒருவகைச் சுறா, பௌத்தத் தூபி ஆகிய வேறு பொருள்களும் இதே எழுத்துகளுக்கு உண்டு.

உணவுப் பெயர்கள்

இட்லி, தோசை ஆகியவற்றின் பெயர்கள் அண்மைக் காலத்தில் ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றவை. இவற்றில் தமிழ் மாணவர்கள் தவறு செய்வதற்கு வாய்ப்பு மிகுதி. ஏனெனில் உணவக விலைப்பட்டியல்களில் காணப்படும் எழுத்துக்கூட்டல் வேறு, அகராதியின் எழுத்துக்கூட்டல் வேறு.

இட்லி என்ற சொல் அகராதியில் 'ஐ' எழுத்தில் முடிகின்றது, 5 புள்ளிகள். உணவகங்களில் வழக்கமாக எழுதப்படுவதுபோல் 'ஒய்' எழுத்தில் முடித்தால் 8 புள்ளிகள் கிடைக்கும். அதுவும் செல்லும் சொல்லே. ஆனால் அது 'சோம்பலாக' என்று பொருள்படும் ஆங்கில வினையடை. இட்லிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஸ்கிராபிளில் இவ்வேறுபாடு பொருட்டில்லை. குறுக்கெழுத்துப் புதிரிலோ தவறான விடையாகிவிடும்.

தோசையின் ஆங்கில வடிவம் 'தோசா' என்பது. இதற்குப் பன்மையாக ஆங்கில முறைப்படி 'எஸ்' சேர்த்த வடிவமும், 'தோசை' என்ற வடிவமும் காலின்ஸ் அகராதியில் தரப்பட்டுள்ளன. தமிழில் ஒருமையாக உள்ள சொல் ஆங்கிலச் சொற்பட்டியலில் பன்மையாகி இருக்கின்றது. எனவே 'தோசை' என்னும் ஐந்தெழுத்து வடிவத்துக்குப் பின் 'எஸ்' சேர்க்க இயலாது.

எழுத்துகளை மாற்றி அடுக்குதல்

விளையாட்டாளர்கள் ஒரு சொல்லைக் கற்கும்போது, அதன் எழுத்துகளை மாற்றி அடுக்கிக் கிடைக்கும் வேறு சொற்களையும் சேர்த்தே கற்கின்றனர். தமிழ்மூலச் சொற்களில் இதற்கு எளிய எடுத்துக்காட்டுகள் உள்ளன.

- 'தோசா' என்பதன் நான்கு எழுத்துகளே 'சோடா' என்பதற்கும் உரியவை.
- 'மேங்கோ' (மாங்காய்) என்பதன் ஐந்து எழுத்துகளை மாற்றினால் 'நடுவே' எனப் பொருள்படும் 'அமாங்' கிடைக்கும்.
- 'டீக்' (தேக்கு) என்பதை மாற்றினால் 'எடு' எனப் பொருள்படும் 'டேக்' கிடைக்கும்.
- 'ஆனிகட்' என்பதன் ஆறு எழுத்துகள் 'கடல்சார்ந்த' எனப் பொருள்படும் 'நாட்டிக்' என்ற சொல்லையும் தருகின்றன.

முன்னால் ஓர் எழுத்தைச் சேர்ப்பதும் பயனுள்ள உத்தியாகும். 'டீக்' என்பதற்கு முன் 'எஸ்' சேர்த்தால் இறைச்சித் துண்டைக் குறிக்கும் 'ஸ்டேக்'. 'கரி' என்பதற்கு முன் 'எஸ்' சேர்த்தால் விரைந்தோடுதலைக் குறிக்கும் 'ஸ்கரி'. எதிராளி வைத்த சொல்லுக்கு முன் ஒரேயொரு வில்லையை வைத்து அச்சொல்லின் முழுப் புள்ளிகளையும் இவ்வாறு பெறலாம்.

ஊர்ப்பெயர்கள் போன்ற சிறப்புப் பெயர்கள் ஸ்கிராபிளில் செல்லா. எனினும் ஊர்ப்பெயர் பொதுப்பெயராக மாறியிருந்தால் செல்லும். 'மெட்ராஸ்' என்பது ஒருவகைப் பருத்தித் துணியின் பெயராகவும் உள்ளதால் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. கோழிக்கோட்டின் பெயரால் அமைந்த 'காலிகோ' துணியும் அவ்வாறே.

ஐயத்துக்குரியவை

ஒலி ஒற்றுமையை மட்டும் கொண்டு ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ச் சொற்களாகக் கூறும் பட்டியல்கள் பரவலாகக் காணப்படுகின்றன. எழுத்துக்கூட்டல் போட்டிகளில் சொல்லின் மூலமொழியைக் கேட்டறிந்து எழுத்துகளை ஊகிப்பது வழக்கமாகையால், தவறான மூலத்தை நம்புவது அங்கு தோல்விக்கும் காரணமாகலாம். அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் தேசியப் போட்டியில், பங்கேற்பவர் சொல்லின் பொருளையும் மூலமொழியையும் நடுவரிடம் கேட்க இடமுண்டு. 1985 ஆம் ஆண்டில் அப்போட்டியில் வென்ற பாலு நடராஜன், அதில் வென்ற முதல் இந்திய வம்சாவளியினராவார்.

கேஷ்: காசு என்ற தமிழ்ச் சொல் போர்த்துக்கேயம் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்றது உண்மை. ஆனால் அது இந்தியாவிலும் சீனாவிலும் வழங்கிய சிறு நாணயத்தைக் குறிக்கும் சொல் மட்டுமே. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் பொதுவான ஆங்கிலச் சொல் பெட்டி எனப் பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே எழுத்துகளைக் கொண்ட வெவ்வேறு சொற்கள்.

அனகொண்டா: 'ஆனை கொன்ற' என்ற தமிழ்த் தொடரிலிருந்து வந்திருக்கலாம் என யூல் கருதினார். சிங்களத்தில் பாம்பைக் குறிக்கும் 'எனகந்தயா' என்ற சொல்லே மூலம் என்ற கருத்து இன்று பெரிதும் ஏற்கப்படுகின்றது.

ரைஸ், ஜிஞ்சர்: அரிசி, இஞ்சி ஆகியவற்றுடன் இவற்றுக்குத் தொடர்பு உண்டு எனக் கருதும் அறிஞர் உளர். இச்சொற்கள் கிரேக்கம், இலத்தீன் வழியாக ஆங்கிலத்தை அடைந்தவை. கிரேக்கத்துக்கு முந்திய நிலை பற்றிக் கருத்து வேறுபாடு நிலவுகின்றது. இஞ்சி தொடர்பில் திராவிட மூலத்துக்கு ஆதரவு ஒப்பீட்டளவில் மிகுதி.

ஒன், நேவி: 'ஒன்று', 'நாவாய்' ஆகியவற்றிலிருந்து இவை வந்தன என்பதற்கு ஆதாரம் இல்லை. இரண்டும் இந்திய-ஐரோப்பிய மொழிக் குடும்பத்துச் சொற்கள். உடன்பிறப்புச் சொற்கள் அம்மொழிகளில் பரவலாக உள்ளன.

கூலி: உடலுழைப்பாளரைக் குறிக்கும் 'கூலி' என்ற ஆங்கிலச் சொல் தமிழ்க் கூலியிலிருந்து வந்ததா, குசராத்தின் கோலி இனத்தவர் பெயரிலிருந்து வந்ததா என்பது முடிவாகவில்லை. இரண்டும் கலந்திருக்கலாம். தமிழில் கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியம். ஆங்கிலத்தில் அது ஊதியத்தை விட்டு மனிதரைக் குறிக்கும் சொல்லானது. தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினரை இழிக்கும் சொல்லாகவும் வழங்குகின்றது.

பொருளும் புள்ளியும்

புள்ளிகளைக் கொண்டு மட்டும் மதிப்பிட முடியாத சொல் 'பராயா' ஆகும். ஆங்கிலத்தில் 6 எழுத்துகள், 11 புள்ளிகள். எழுத்துகளை மாற்றி அடுக்கினால் 'ராபியா' என்னும் பனைவகையின் பெயர் கிடைக்கும் என்பது விளையாட்டாளர்கள் அறிந்த செய்தி. இச்சொல் தமிழகத்தின் ஒரு மக்கட்பிரிவினரின் பெயரிலிருந்து வந்தது; அப்பெயர் பறை என்னும் இசைக்கருவியுடன் தொடர்புடையது என்பது பரவலான விளக்கம். 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் பதிவான இச்சொல், 19 ஆம் நூற்றாண்டில் 'சமுதாயத்தால் ஒதுக்கப்பட்டவர்' என்ற பொதுப்பொருளைப் பெற்றது. தெருநாய்க்கும் ஒருவகைப் பருந்துக்கும் அடைமொழியாகவும் இது ஆங்கிலத்தில் வழங்கியது. பிற நாடுகளால் புறக்கணிக்கப்பட்ட அரசுகளைக் குறிக்கச் செய்தித்தாள்கள் இன்றும் இதைப் பயன்படுத்துகின்றன.

இப்பெயரைத் தாங்கியவர்கள் அதனைப் பலவாறாக எதிர்கொண்டனர். இரட்டைமலை சீனிவாசன் 1893 ஆம் ஆண்டில் சென்னையில் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் ஒன்றைத் தொடங்கினார். இழிவாகக் கருதப்பட்ட பெயரை வெளிப்படையாக ஏற்று உரிமை கோருவது அவர் நோக்கம். அயோத்திதாசப் பண்டிதர் அப்பெயரை மறுத்து வேறு அடையாளங்களை முன்வைத்தார். 1922 ஆம் ஆண்டில் எம். சி. ராஜா சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் விளைவாக, அரசு ஆவணங்களில் ஆதி திராவிடர் என்ற பெயர் ஏற்கப்பட்டது. சென்னை மாகாணம் அரசு வழக்கிலிருந்து விலக்கிய பெயர், அதன் வரலாறு அறியாதோரின் ஆங்கிலத்தில் உவமையாகத் தொடர்கின்றது.

விளையாட்டுச் சொற்பட்டியல்களில் இழிசொற்கள் இடம்பெறலாமா என்ற விவாதம் அண்மைக் காலத்தில் எழுந்தது. வட அமெரிக்க விளையாட்டாளர் சங்கம் 2020 ஆம் ஆண்டிலும், பிற நாடுகளில் ஸ்கிராபிள் உரிமையைக் கொண்ட மட்டேல் நிறுவனம் 2021 ஆம் ஆண்டிலும் இனம், பால் முதலியவற்றை இழிக்கும் சொற்களைத் தம் பட்டியல்களிலிருந்து நீக்கின. மட்டேல் நீக்கியவை சுமார் 400 ஆகும். பலகையில் வைக்கப்படும்போது சொற்களுக்குப் பொருள் இல்லை, எழுத்துகள் மட்டுமே என்பது நீக்கத்தை எதிர்த்தோர் வாதம். அச்சொற்களால் குறிக்கப்படுவோருக்கு அவ்வாறு பிரித்துப் பார்க்க இயலாது என்பது ஆதரித்தோர் வாதம்.

கற்போருக்கான குறிப்புகள்

- தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினால் மட்டும் அது ஆங்கிலச் சொல்லாகிவிடாது. அகராதியில் பதிவாகி, விளையாட்டுப் பட்டியலிலும் இடம்பெற்றிருக்க வேண்டும். 'ஐயோ' என்ற சொல் 2016 ஆம் ஆண்டிலும், 'அண்ணா' என்ற விளிச்சொல் 2017 ஆம் ஆண்டிலும் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் சேர்க்கப்பட்டன. ஆனால் விளையாட்டுப் பட்டியல் அதனின்றும் வேறானது.
- ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ள மாற்று எழுத்து வடிவங்களைச் சேர்த்துக் கற்பது நன்று. 17, 18 ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர் காதால் கேட்டவாறு எழுதியமையாலேயே இவ்வடிவங்கள் பெருகின.
- தமிழில் உள்ள பொருளும் ஆங்கிலத்தில் உள்ள பொருளும் ஒன்றெனக் கொள்ளக் கூடாது. கட்டுமரம், கறி, மிளகுத் தண்ணீர் ஆகியவை பொருள் மாறியவை.
- ஒரே எழுத்துகளைக் கொண்ட சொற்கள் வெவ்வேறு மூலங்களைக் கொண்டிருக்கலாம். மூலத்தை உறுதிசெய்ய ஒன்றுக்கு மேற்பட்ட அகராதிகளை ஒப்பிடுவது தேவை.

இவற்றையும் பார்க்க

- ஸ்கிராபிள்
- ஆப்சன் ஜாப்சன்
- கட்டுமரம்
- அணைக்கட்டு
- சொற்பிறப்பியல்
- கோலியனூர்